மாற முடிகிறதா? யுபிஐ, கூகுள் போட்டோஸ்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஜங்ஷன் டீக்கடையில் ஒட்டியிருக்கும் ஒரே க்யூஆர் அட்டையை எந்தச் செயலியில் ஸ்கேன் செய்தாலும் பணம் போகிறது. யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போன்பே, கூகுள் பே இரண்டின் வழியாகத்தான் நடக்கிறது. இருந்தாலும் பிடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் வேறு செயலிக்குப் போய்விடலாம். வங்கியில் பதிந்த சிம் போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் போகுமளவுக்கு பேலன்ஸ் வேண்டும். யுபிஐ பின்கூட பழையதே போதும். பணம் இருப்பது வங்கியில், செயலியில் அல்ல.

கூகுள் போட்டோஸில் அப்படி இல்லை. 2021 ஜூன் 1-க்கு முன் ‘உயர் தரம்’ என்று ஏற்றிய படங்களுக்கு இடக்கணக்கே கிடையாது. அதன்பின் ஏற்றியவை எல்லாம் ஜிமெயில், டிரைவோடு சேர்த்துக் கிடைக்கும் 15 ஜிபியில் கழிகின்றன. அது நிரம்பினால் ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். பத்தமடையில் பாய் விற்கிறவர் போனில் வீடியோ குவிந்தால், வெளியூர் ஆர்டர் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கல்யாணப் படம் முதல் கடைக்கணக்கு வரை அங்கே சேர்ந்தபிறகு மாதச் சந்தா கட்டுவதே சுலபமாகத் தெரிகிறது. ஏகபோகம் வாடிக்கையாளருக்குச் செய்யும் கெடுதல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: விலை அல்ல, விலகமுடியாமை.

ஆண்ட்ராய்டு போன்களில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக நடந்த வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் போனோடு வரும் கூகுள் செயலிகளை நீக்க விடவேண்டும் என்ற உத்தரவை ரத்துசெய்தது. நமக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது அதுதான்.

வெளியே வர, நம் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் ‘கூகுள் டேக்அவுட்’ சேவை உண்டு. எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு போட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். படங்கள் ஜிப் என்ற சுருக்கிய கோப்புகளாகப் பிரிந்து வரும்; ஒவ்வொன்றின் அளவு 2 ஜிபி போதும். பாபநாசம் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். 50 ஜிபி கோப்பு பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்துதான். டவுன்லோடு லிங்க் ஒரு வாரம்தான் இருக்கும்.

சிக்கல் ஜிப்பைப் பிரித்ததும் வரும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அதன் விவரங்களை வைத்திருக்கும் ‘ஜேசன்’ என்ற சிறு எழுத்துக் கோப்பு. நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கும். போன் கேமராவில் எடுத்தவற்றில் தேதி படத்துக்குள்ளேயே உண்டு. வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் அது கிடையாது. ஆகவே பத்து வருடத்துப் பொங்கல் படங்கள் எல்லாம் நகலெடுத்த நாளின் தேதியில் வரிசையாக நிற்கும். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொன்றிலும் விழுவதுண்டு. எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் பிரித்தபிறகே, இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு தேதியைப் படத்துக்குள் ஏற்றுங்கள்.

ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என இரண்டு நகல் இருக்கட்டும். எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் போட்டோஸ் செயலியில் எதையும் அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் போனில் இருப்பதும் சேர்ந்து போகும். பேக்கப் ஆனவை குப்பையில் 60 நாள்தான் இருக்கும்.