காரணம் உறுதியாகத் தெரியாதபோது ஆங்கிலத்தில் எழுத: மர்ஃபியின் நீலப் புத்தகம்

ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' என்ற நீல அட்டை ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் பற்றிப் பொதுவாகப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு வேலைக்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு விஷயம் ஏன் நடந்தது, ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது நமக்கே சரியாகத் தெரியாதபோது, அந்தத் தெரியாமையையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதுவதுதான் அந்த வேலை.

தமிழில் இதற்கு நாம் யோசிப்பதே இல்லை. பஸ் கிடைத்திருக்காது, கோபம் போல, உடம்பு சரியில்லையோ என்னவோ என்று தானாக வந்துவிடும். அதே ஆள் ஆபீஸ் மெயிலில் 'ஹி டிட் நாட் கம் பிகாஸ் ஹி இஸ் ஆங்க்ரி' என்று எழுதுகிறார், படிப்பவருக்கு அது தீர்ப்பாகவே போய்ச் சேர்கிறது. வாடிக்கையாளருக்கு 'இட் ஃபெயில்ட் பிகாஸ் யுவர் டீம் சேஞ்ச்ட் த செட்டிங்' என்று அனுப்பினால் அது நேரடிக் குற்றச்சாட்டு, அனுப்பியவர் மனதில் இருந்ததோ வெறும் சந்தேகம். இதைத் தவிர்க்க நினைப்பவர்கள் வரிக்கு வரி 'ஐ திங்க்' போடுகிறார்கள், அதுவும் நன்றாக இல்லை.

1985-ல் முதலில் வந்த புத்தகம் இது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2019-ல் ஐந்தாம் பதிப்பைக் கொண்டுவந்தது. மொத்தம் 145 யூனிட், இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. நமக்கு வேண்டியது 'மஸ்ட்' பற்றிய 28-ம், 'மே', 'மைட்' பற்றிய 29-ம். பள்ளியில் 'மஸ்ட்' என்றால் கட்டாயம் என்று மட்டுமே படித்தவர்களுக்கு 28-வது யூனிட் பெரிய விடுதலை, ஏனென்றால் ஊகத்துக்கான 'மஸ்ட்'டை இங்கே தனியாக எடுத்துக்கொண்டு, கட்டாயத்துக்கானதை 31-ல் வைத்திருக்கிறார். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டு யூனிட்டையும் முடித்தால் கையில் எவ்வளவு ஆதாரம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வினைச்சொல் என்பது பிடிபடும். பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றால் 'தே மைட் ஹேவ் கான் அவுட்'. கதவில் பூட்டு, வண்டியும் இல்லை என்றால் 'தே மஸ்ட் ஹேவ் கான் அவுட்'. செருப்பெல்லாம் வாசலில் கிடக்கிறது, உள்ளே டிவி சத்தம் என்றால் 'தே காண்ட் ஹேவ் கான் அவுட்'.

29-ல் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் வேகமாகக் கடந்துவிடும் இடம். 'ஷி மைட் நாட் ஹேவ் சீன் த மெயில்' என்றால் பார்க்காமல் இருந்திருக்கலாம். 'ஷி குடின்ட் ஹேவ் சீன் த மெயில்' என்றால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மேலதிகாரியிடம் ஒருவருக்காகப் பரிந்து எழுதும்போது இந்த இரண்டும் மாறினால் சொல்ல வந்ததே மாறிப்போகும்.

பயிற்சிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்த யூனிட்டில் இருக்கிறோம் என்று தெரிவதால் பாதி விடையை யோசிக்காமலே எழுதிவிடலாம். அதனால் பின்னால் இருக்கும் கூடுதல் பயிற்சிகளுக்குக் கட்டாயம் போங்கள், அங்கே இந்தத் துணைவினைகள் எல்லாம் கலந்து வரும், அப்போதுதான் உண்மையான சோதனை.

இனி குறை. நடந்ததை ஊகிக்க இந்த யூனிட்டுகள் போதும், ஒருவருடைய நோக்கத்தை ஊகிக்கப் போதாது. 'ஹி மே ஹேவ் ரிசைன்ட் பிகாஸ் ஆஃப் த சாலரி' என்று எழுதினால் அவர் வேலையை விட்டதே சந்தேகம் என்றும் படிக்க இடம் இருக்கிறது. விட்டது உறுதி, காரணம்தான் ஊகம் என்றால் 'ஹி ரிசைன்ட், பாசிப்ளி பிகாஸ் ஆஃப் த சாலரி' என்பது தெளிவு. 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஆஃப் த சாலரி' இன்னும் மோசம், சம்பளத்துக்காக விடவில்லை, வேறு காரணம் என்றும் எடுக்கலாம், சம்பளம் நன்றாக இருந்ததால் விடாமல் இருந்தார் என்றும் எடுக்கலாம். இதையெல்லாம் இந்த யூனிட்டுகள் தொடுவதே இல்லை, எனக்கு இது பெரிய ஏமாற்றம். நடந்தது போலத் தெரிகிறது என்று சொல்ல உதவும் 'சீம் டு ஹேவ்' எங்கோ தள்ளி வேறொரு யூனிட்டில் கிடக்கிறது. கேள்விப்பட்டதைச் சொல்லும் 'அப்பரன்ட்லி', தர்க்கப்படி இப்படித்தான் இருக்கும் என்னும் 'ப்ரிசூமப்ளி', இந்த இரண்டுக்கும் லாங்மேன் அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியின் இலவச இணையதளத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பதே நல்லது.

அமெரிக்கர்களோடு வேலை செய்பவர்கள் ஏழாம் பின்னிணைப்பையும் பாருங்கள். 'காண்ட் ஹேவ்' வரும் இடத்தில் அவர்கள் 'மஸ்ட் நாட் ஹேவ்' என்பார்கள் என்று அங்கே இருக்கிறது, நம் ஊர் வகுப்புகளில் இதைத் தவறு என்று திருத்துபவர்கள் உண்டு.

வாங்கும்போது விடைகள் உள்ள பதிப்பா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள், விடை இல்லாததும் விற்கிறது, தனியாகப் படிப்பவருக்கு அது பயன்படாது. ஐந்தாம் பதிப்புதான் வேண்டும் என்றில்லை, நான்காம் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆங்கிலத்தில் எளிய வாக்கியமே தடுமாற்றம் என்றால் மட்டும் இதை எடுக்காதீர்கள், இதே ஆசிரியரின் சிவப்பு அட்டைப் புத்தகம் தொடக்க நிலைக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டு இதற்கு வரலாம்.