பூல்சாரா, ட்ரூசோவா? ஜூராவின் இரு சிவப்புகள்

பிரான்சில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே சின்னஞ்சிறு ஒயின் வட்டாரம் ஜூரா. வெள்ளை ஒயினுக்குத்தான் பேர்போனது. ஆனால் பூல்சார், ட்ரூசோ என்ற இரு திராட்சைகளில் அங்கே செய்யும் லேசான சிவப்பு ஒயின்களை விட்டுவிடக் கூடாது.

பூல்சார் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. நிறமும் துவர்ப்பும் அதிகம் இறங்காது. கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் தெரியும். ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) என்று ஏமாறுவோரும் உண்டு. சீக்கிரமே துளிர்ப்பதால் வசந்தகால உறைபனியில் அடிபடும். புப்பிலான் ஊரில் இதற்குப் பெயர் ப்லூசார். காற்றுப்படாமல் முதிரவிட்ட பூல்சார் ஒயினில் கந்தகச் சேர்மங்கள் தங்கிவிடும். திறந்ததும் அழுகிய முட்டை வாடை வரலாம். கொட்டிவிடாதீர்கள். வாயகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும், உள்ளே ஒளிந்திருந்த செம்பழ மணம் வரும்.

ட்ரூசோவுக்குத் தோல் தடிப்பு, வெயில் தேவை அதிகம். ஆர்புவா ஊருக்குப் பக்கத்து மோன்டிஞியின் சூடேறும் சரளைச் சரிவுகள் அதற்குத் தோது. வெயில் போதாவிட்டால் சுவை ஒல்லியாகிவிடும். நன்றாகப் பழுத்தால் மிளகு வாசம், கொஞ்சம் பிடிப்பான துவர்ப்பு. போர்ச்சுகலில் இதே திராட்சைதான் பாஸ்தார்தோ.

பூல்சாரை 12 டிகிரியில் ஊற்றுங்கள், ட்ரூசோவை 15இல். பிரிட்ஜிலிருந்து நேரே ஊற்றினால் இரண்டுமே வாயடைத்துப்போகும். புகையூட்டிய மோர்த்தோ சாசேஜுக்கு ட்ரூசோ. வெறுமனே குடிக்க, என் ஓட்டு பூல்சாருக்கே. உள்ளூர் ருசிபார்ப்பில் வெள்ளைக்கு முன்பே சிவப்பை ஊற்றுவார்கள், அவ்வளவு லேசு.