சொட்டுநீர்க் குழாய் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: ‘ஆயிரம் மணி நேரச் சோதனை’ என்ற தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

குறைந்த விலையில் கிலோ கணக்கில் விற்கப்படும் 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாய்களை (செடி வரிசையை ஒட்டி ஓடும் சொட்டுநீர்க் கிளைக்குழாய்களை) வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் உள்ள எங்கள் முருங்கைத் தோட்டத்தில் இத்தகைய குழாய்களைப் போட்டு, இரண்டாவது கோடை முடிவதற்குள் பெரும்பகுதியைச் சுருட்டி எடுத்து ஓரமாகப் போட வேண்டியதாயிற்று. மானியத்தில் அமைத்த சொட்டுநீருக்கு ஏழு ஆண்டுகள் முடியாமல் மறுபடியும் மானியம் கிடையாது என்பதால், அணிலும் எலியும் கடித்துக் கெடுத்த குழாய்களை மாற்ற விவசாயிகள் வெளிச்சந்தைக்குத்தான் போகிறார்கள். இந்த வியாபாரம் செழிப்பதும் அந்த இடைவெளியில்தான்.

கடைக்காரர் ‘யூவி ஸ்டெபிலைஸ்டு (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும்) சரக்கு, பத்து வருடத்துக்கு அசையாது’ என்று சொல்லி, உறைபோட்ட ஒரு சோதனை அறிக்கையையும் எடுத்துக் காட்டினார். புற ஊதா விளக்கின் கீழ் ஆயிரம் மணி நேரம் வைத்தும் குழாயின் வலு பெரிதாகக் குறையவில்லை என்று அதில் இருந்தது. குழாயின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ தயாரிப்புத் தொகுதி எண்ணோ இல்லை. பில்லில் ‘பிளாஸ்டிக் டியூப்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் எழுதித் தர மறுத்துவிட்டார்.

முதலில் போனவை, வரிசையின் கடைசியில் மடித்துக் கட்டிய முனைகள். அதன் பிறகு டிரிப்பர் எனப்படும் சொட்டுவிடும் முனைகளைச் செருகிய துளைகளைச் சுற்றி மெல்லிய கோடுகள் தோன்றி, அவை நீளவாக்கில் ஓடி, மோட்டார் போட்டவுடன் குழாய் வாய்பிளந்தது. அந்தப் பகுதியை நறுக்கிப் பார்த்தபோது, வெயில் பட்ட மேற்புறம் சாம்பல் பூத்து, விரலில் வெள்ளைத் தூளாக ஒட்டியது. நகத்தால் அழுத்தினாலே பொரிந்தது. மண்ணோடு ஒட்டிக் கிடந்த அடிப்புறமோ இன்னும் வளைந்து கொடுத்தது. ஒரே துண்டில் இந்த இரண்டையும் பார்த்த பிறகு காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் கடைக்காரர் வேறு காரணம் சொன்னார். டிரிப்பரில் படியும் உப்பைக் கரைக்க நாங்கள் விடும் ஆசிட்டுதான் குழாயைத் தின்றுவிட்டதாம். நாங்கள் விடுவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அதனால் இந்தக் குழாய்களைச் செய்யும் பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை. அந்த அமிலத்தையே பாலிஎத்திலின் கேன்களில்தான் விற்கிறார்கள். அதோடு, குழாய்க்குள் ஓடும் ஆசிட் வெளிப்புறத்தை மட்டும், அதிலும் மேற்பக்கத்தை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்துத் தின்னும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பாலிஎத்திலினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் வினையைத் தொடங்கிவைக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் சேர்ந்துகொள்ள, சங்கிலிகள் துண்டு துண்டாக அறுபட்டு, வளையும் பொருள் நொறுங்கும் பொருளாகிறது. இதைத் தடுக்கத்தான் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளைக் கலக்கிறார்கள். அது கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. பாசனக் குழாய்க்கு இரண்டு முதல் மூன்று சதவீதம் வரை, அதுவும் கட்டிகட்டியாக நிற்காமல் சீராகப் பரவி இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குழாயில் இந்தப் பாதுகாப்பு இரண்டு விதத்தில் குறைகிறது. வெயிலும் சூடும் ஏற்கெனவே கண்ட சரக்கு என்பதால் அதிலிருந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் தீர்ந்துபோயிருக்கின்றன. கறுப்பு நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் கார்பனைத் தூவிவிட்டு, எடை கூட்டச் சுண்ணாம்புத்தூளைச் சேர்ப்பதும் நடக்கிறது. கிலோ கணக்கில் விற்கும்போது அந்தச் சுண்ணாம்பும் பிளாஸ்டிக் விலைக்கே போகிறது அல்லவா?

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. ஒரு சிறு துண்டை எடைபோட்டு, நைட்ரஜன் வாயுவில் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கினால் பிளாஸ்டிக் ஆவியாகிப் போய், கார்பனும் கனிமத்தூளும் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் காற்றில் மறுபடி எரித்தால் கார்பன் போய்ச் சாம்பல் நிற்கும். இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசமே கார்பன் பிளாக்கின் அளவு. ஓர் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி எங்கள் குழாயைச் சோதித்ததில், கார்பன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சாம்பலோ அதைப்போலப் பல மடங்கு இருந்தது. சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான இத்தகைய சோதனைகளைச் செய்து தருகிறார்கள்.

அப்படியானால் அந்த ஆயிரம் மணி நேரம் பொய்யா என்றால், பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஆய்வக அறிக்கைகள் பலவற்றில், தங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். நல்ல மூலப்பொருளில் ஒரு துண்டு செய்து சோதனைக்கு அனுப்பிவிட்டு, வேறு சரக்கைச் சந்தைக்கு விடுபவரை அந்தத் தாள் தடுக்காது. சோதனைப் பெட்டியின் மணிக்கணக்கை ஆண்டுக்கணக்காக மாற்றும் பொதுவான வாய்பாடும் கிடையாது. எட்டு மணி நேரம் 60 டிகிரியில் புற ஊதா ஒளி, நான்கு மணி நேரம் 50 டிகிரியில் ஈரப்பதம் என்று மாறிமாறி ஓடும் சுழற்சி பரவலாகப் பயன்படுகிறது. இதில் எந்த விளக்கைப் பொருத்தினார்கள், எதை அளந்தார்கள், எந்தப் பொருளோடு ஒப்பிட்டார்கள் என்று தெரியாமல் ‘ஆயிரம்’ என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. எங்களுக்குக் காட்டிய தாளில் விளக்கின் வகையும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை.

குழாயோடு சேர்த்துக் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டிய கிராமெட் என்ற ரப்பர் வளையங்களின் கதையும் இதேதான். சப்மெயின் என்ற துணைப் பிரதானக் குழாயில் துளையிட்டுச் செருகும் அந்த வளையங்கள், லேட்டரலை அதோடு இணைக்கும் டேக்-ஆஃப் முனை நுழைந்து இழுபடும் விளிம்பில், இழுவிசைக்குக் குறுக்காக வரிவரியாக வெடித்திருந்தன. இது காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஓசோன் செய்யும் வேலை. இயற்கை ரப்பரின் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கிறது. ரப்பர் இழுபட்டு நின்றால் வெடிப்பு இன்னும் விரைகிறது. ஆகவேதான் ஆய்வகத்தில் ரப்பரை இருபது சதவீதம் இழுத்துப் பிடித்து, 40 டிகிரியில், பத்துக் கோடிப் பங்குக் காற்றுக்கு ஐம்பது பங்கு ஓசோன் உள்ள பெட்டியில் 72 மணி நேரம் வைத்து, பூதக்கண்ணாடியில் வெடிப்பு தேடுகிறார்கள். முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாத ஈ.பி.டி.எம். ரப்பர் இதைத் தாங்கும். கேட்டு வாங்க வேண்டிய பெயர் அது.

வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. வளைத்துப் பார்ப்பது பயன்படாது. புதிதாக இருக்கும்போது மட்டமான குழாயும் நன்றாகவே வளையும். ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து, காற்றுக்குமிழி ஒட்டாதபடி துடைத்துத் தண்ணீரில் போடுங்கள்: பாலிஎத்திலின் நீரைவிட இலேசானது என்பதால் நல்ல குழாய் மிதக்கும், மூழ்கினால் கனிமத்தூள் அதிகம் என்று பொருள். மிதப்பதாலேயே கார்பன் போதுமான அளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. பாசன லேட்டரல் குழாய்க்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 12786, ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே உரிம எண் ஆகியவை குழாயின் மேலேயே அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள்.

கடைக்காரர் கடைசியாக, அதே சரக்கில் பாதியளவு மாற்றித் தருவதாகச் சொன்னார், நாங்கள் ஏற்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மனுவோடு இணைக்க, வெடித்த துண்டுகளைவிட அதிகம் பயன்பட்டது, வெயிலே படாமல் சாக்குக்குள் மீந்து கிடந்த அதே குழாயின் ஒரு சுருள்தான். நீங்களும் எந்தக் குழாயைப் போட்டாலும், அதில் ஒரு மீட்டரை வெட்டி, பில்லோடு சேர்த்துக் கறுப்புத் தாளில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள்.