கொள்ளு காயும் ரோட்டில் விழுந்த பிறகு: ரைடிங் கியரும் ஏபிஎஸ்ஸும் எனக்கு உழைத்த விதம்

ரைடிங் கியர் கடைக்குப் போனால் முதலில் ஜாக்கெட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள். காசும் அதில்தான் அதிகம் போகும். குப்பம், வி.கோட்டா, நாட்றம்பள்ளி என்று ஆந்திர எல்லையில் தினமும் பைக் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வரிசை: முதல் காசு ஹெல்மெட்டுக்கு, அடுத்தது கிளவுஸுக்கு, அதற்கடுத்து முன் டயருக்கு. ஜாக்கெட் அப்புறம். இந்த ரோடுகளில் நாம் விழுவது 100 கி.மீ. வேகத்தில் இல்லை, 30, 40-ல்தான். அந்த வேகத்தில் முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை, அப்புறம் முழங்கால். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் நான் விழுந்ததிலும், அதற்குப் பிறகு இன்றுவரை இதே பொருட்களோடு ஓட்டியதிலும் கிடைத்த அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் வாணியம்பாடிக்காரன், வேலைக்காகக் குப்பத்தில் குடியிருப்பவன். வண்டி 150 சிசி, முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). குப்பத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடோ கர்நாடகமோ வந்துவிடும். அதனால் ரோட்டில் மூன்று மாநில வண்டிகளும் மூன்று விதமான ஓட்டும் பழக்கமும் கலந்திருக்கும். குப்பம் கிரீன் கிரானைட் கல்லை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். ஒரே கல், சில நேரம் லாரியின் பாதி நீளத்துக்கு இருக்கும். அதைத் தாண்ட முடியாமல் பின்னால் ஷேர் ஆட்டோக்கள் துடித்துக்கொண்டு வரும். விடிகாலையில் தக்காளி கிரேடுகளோடு சந்தைக்கு விரையும் குட்டி யானைகள், பால் வண்டிகள். இருட்டினால் பின் விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள். சென்னையில் பல வருடம் ஓட்டிய கைக்கும் இது புது ஊர்தான்.

நான் விழுந்த இடத்தில் ரோட்டின் இடது பாதி முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் இது வழக்கம். வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று ராகியையும் கொள்ளையும் தார் ரோட்டில் போடுவார்கள். மீதி இருந்தது ஒரு வண்டி போகும் அகலம். எதிரே கிரானைட் லாரி. அதன் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ முந்துவதற்காக என் பக்கம் வெளியே வந்துவிட்டது. இடப்பக்கம் ஒதுங்குவதைத் தவிர வழியில்லை. முன் சக்கரம் கொள்ளுச் செடி மேல் ஏறியது, பிரேக் பட்டது, ஹேண்டில் கையை விட்டுப் போனது. காய்ந்த தண்டுகள் பேரிங் குண்டு மாதிரி டயருக்கு அடியில் உருண்டன. வண்டி இடப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

கொள்ளைக் கிளறிக்கொண்டிருந்த பாட்டிதான் முதலில் ஓடிவந்தார். "தெப்ப தகிலிந்தா நாயனா?" (அடிபட்டுச்சாப்பா?) என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே என் கையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். செயின் ஸ்பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு சைலன்சரைத் தொட்டபடி ஒரு கத்தை செடி புகைய ஆரம்பித்திருந்தது. முந்தானையைக் கையில் சுற்றி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொண்டுவரப் போனார். காய்ந்த செடி மேல் வண்டி ஓட்டியவர்கள் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சூடான சைலன்சரில் வைக்கோலோ கொள்ளுத் தண்டோ சிக்கினால் தீப்பிடிக்கும். ஆட்டோக்காரரும் நிறுத்திவிட்டு வந்து, "அண்ணா, மன்னிச்சிடுங்க, லாரிக்குப் பின்னாடி ஒண்ணுமே தெரியல" என்று வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

இப்போது கிளவுஸ். நான் போட்டிருந்தது மேல்பக்கம் வலைத்துணி, உள்ளங்கையில் தோல், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை வைத்த ரகம். அந்த வில்லைக்கு ஸ்லைடர் என்று பெயர். கடையில் பார்த்தபோது அலங்காரம் என்றுதான் தோன்றியது. விழும்போது மனிதன் கையைத்தான் ஊன்றுவான், அதைத் தடுக்க முடியாது. வெறும் தோலோ துணியோ தாரில் பட்டால் பிடித்துக்கொள்ளும், முழு உடம்பின் எடையும் மணிக்கட்டில் இறங்கும். ஸ்லைடர் இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும். என் இடது கிளவுஸில் அந்த வில்லை முழுக்க ஒரே திசையில் கோடுகள் விழுந்து, ஒரு ஓரம் பாதி தேய்ந்துபோயிருந்தது. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை.

ஆனாலும் மணிக்கட்டு வலித்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா என்று எலும்பு டாக்டர் பார்த்தார். அங்கே ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் அடிக்கடி முறிவது அதுதான், முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமலும் போகலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். அதனால் கையை அசையாமல் கட்டிவிட்டு, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். எனக்கு இரண்டாவது எக்ஸ்ரேயிலும் முறிவு இல்லை. இருந்தாலும் முதல் படம் நன்றாக இருக்கிறது என்று வலியோடு வண்டி ஓட்டக் கிளம்பாதீர்கள். மண் பட்ட காயம் என்றால் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பு) கடைசியாக எப்போது போட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முழங்காலில் அன்று ஒன்றும் போட்டிருக்கவில்லை, ஜீன்ஸ் மட்டும்தான். ஜீன்ஸ் கிழிந்து சதையில் பொடிக்கல் ஏறியதை எடுத்த வலிதான் அன்றைக்கு மிகப் பெரியது. அதன் பிறகு முதலில் வாங்கியது பிளாஸ்டிக் கவசமும் பட்டையுமாக வெளியே கட்டும் நீ கார்டு (முழங்கால் கவசம்). சரியில்லை. கொஞ்ச தூரம் போனதும் கீழே இறங்கிவிடும், கீழே விழும்போது திரும்பிக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. இப்போது பேண்டுக்கு உள்ளே காலுறை மாதிரி மாட்டும் ரகம் போடுகிறேன். கவசத்தின் மேல் சிஇ என்ற ஐரோப்பிய முத்திரையும் இஎன் 1621-1 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லெவல் 1 என்றால் சோதனை அடியில் சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் விசையை உடம்புக்குக் கடத்தக் கூடாது, லெவல் 2 என்றால் 20. சாதாரண ஸ்பாஞ்சைக் கவசம் என்று விற்கிறார்கள், அதில் இந்த எண் இருக்காது.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதோ விற்பதோ குற்றம். பார்க்க வேண்டிய தர எண் ஐஎஸ் 4151. எனக்குத் தாடைப் பகுதியில் கீறல் விழுந்தது. பாதி முகம் மூடும் ஹெல்மெட்டாக இருந்திருந்தால் அந்தக் கீறல் என் தாடையில் விழுந்திருக்கும். வெளியே ஓடு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது.

"ஏபிஎஸ் இருந்துமா விழுந்தீங்க?" என்று கேட்காதவர் இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் விற்கும் எல்லா பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அது இருந்தால் வழுக்கவே வழுக்காது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. ஏபிஎஸ் செய்வது ஒரே வேலை: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுபோவதைத் தடுப்பது. அதற்கு டயர் ரோட்டைத் தொட வேண்டும். கொள்ளுத் தண்டு, உதிரி ஜல்லி, மணல் இவற்றின் மேல் பிடி கிடைக்காது, வண்டி நிற்கும் தூரமும் கூடும். வண்டி சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸால் காப்பாற்ற முடியாது. ஆனால் ஈர ரோட்டில் நேராகப் போகும்போது அது பொன்னானது. மழை நாளில் நாய் குறுக்கே பாய்ந்தபோது லிவர் கையில் துடிக்கத் துடிக்க வண்டி நேராக நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அடுத்த வண்டி வாங்கினால் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ளதைத்தான் வாங்குவேன்.

வண்டிக்கு ஆன சேதம் சின்னது. கிளட்ச் லிவர் உடைந்தது, இண்டிகேட்டர் போனது, ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு இடத்தில் பெரிய தொகை சொன்னார்கள். எங்கள் தெரு மெக்கானிக், முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்து, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டிலை ஒரு திருகு திருகி நேராக்கிவிட்டார். ஃபோர்க் வளையவில்லை, கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவர் சொன்ன இன்னொன்றை இன்றும் கடைப்பிடிக்கிறேன்: லிவர் கிளாம்பை ஒரேயடியாக இறுக்காமல், கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட வேண்டும். விழுந்தால் லிவர் சுழன்றுகொள்ளும், உடையாது.

செலவைக் கையிலிருந்தே கொடுத்தேன். இன்சூரன்சில் கிளைம் எடுக்காத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் வரை நோ கிளைம் போனஸ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஒரு லிவருக்காக அதை இழப்பது நஷ்டம். இன்னொன்று, பாலிசியோடு வரும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். மெடிக்கல் பாலிசி தனியாக வேண்டும்.

ஜாக்கெட்டும் வாங்கினேன், நல்லதுதான். ஆனால் குப்பம் மேட்டுப் பூமி, காலையில் குளிர் இருக்கும். பாலாற்றோடு வாணியம்பாடிப் பக்கம் இறங்கினால் சித்திரை வெயிலில் அதைப் போட்டிருக்க முடியாது. கழற்றிச் சீட்டில் கட்டிக்கொண்டு ஓட்டினால் அதனால் என்ன பயன்? இப்போது வெயில் காலத்துக்குக் கவசம் தைத்த வலைச் சட்டை, குளிருக்கு ஜாக்கெட் என்று பிரித்துவிட்டேன். ஷூ கணுக்காலை மூட வேண்டும். இடது ஷூவின் மேல்பக்கம் கியர் லிவர் பட்டு ஓட்டை விழும், அங்கே இரட்டைத் தோல் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனை பொருளையும் விட எனக்கு அதிகம் உதவியது பருவத்தைப் பார்த்து ரோட்டைப் படிப்பது. தை மாதத்தில் ராகியும் கொள்ளும். வாரிக்கொண்டு போன பிறகும் ஓரத்துக்கு வைத்த கல்லும் முள்ளும் ரோட்டிலேயே கிடக்கும், இரவில் அது செடியை விட ஆபத்து. ஜூன், ஜூலையில் சித்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். நசுங்கிய பழத்தோடு மழைத் தூறலும் சேர்ந்தால் அந்த இடத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது. லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தால் "முந்திப் போ" என்றும் இருக்கலாம், அவரே வலப்பக்கம் திரும்பலாம். வலப்பக்கம் ஒரு மண் ரோடோ கிரானைட் பட்டறை கேட்டோ தெரிந்தால் நான் முந்துவதில்லை. எதிர்வண்டி லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்றுதான் பொருள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த நண்பர், வழிவிடுகிறார்கள் என்று நினைத்து நடு ரோட்டுக்குப் போய்விட்டார், நல்லவேளை பஸ் டிரைவர் பிடித்து நிறுத்தினார்.

களத்துக்கு இடமில்லாமல்தான் அந்தப் பாட்டி போன்றவர்கள் ரோட்டில் காய வைக்கிறார்கள். சிமெண்ட் களம் உள்ள ஊரைத் தாண்டும்போது ரோடு சுத்தமாக இருப்பதை நானே பார்க்கிறேன். அதைக் கட்டித் தருவது ஹெல்மெட் சோதனை அளவுக்கே சாலைப் பாதுகாப்பு வேலை என்று அதிகாரிகள் நினைக்க வேண்டும்.

டயர் பாக்கி. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் கோட்டுப் பள்ளம் இன்னும் தேயவில்லையே என்று ஓட்டிக்கொண்டிருந்த என் பழைய முன் டயரில் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. மாற்றியபின் ஈரத் திருப்பங்களில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. கிளவுஸ் இப்போது இரண்டாவது ஜோடி, அதே ஸ்லைடர் ரகம். கட்டைவிரல் இடுக்கில் தையல் விடத் தொடங்கியிருக்கிறது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் தோல் நூலில் அழகாகத் தைத்துத் தருகிறார், கம்பெனித் தையலை விட அது அதிக நாள் வருகிறது.