'சார்ஜும் ஏறும், பென்டிரைவும் ஓடும்': 350 ரூபாய்க்கு நான் வாங்கிய வினை

போன மாதம் 350 ரூபாய் கொடுத்து ஓர் அடாப்டர் வாங்கினேன். அது ஒரு 64 ஜிபி பென்டிரைவையும் அதற்குள் இருந்த மூன்று வார வேலையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. போனிலும் டேப்லெட்டிலும் பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் என்று மாட்டிப் புழங்குகிறவர்கள், அதிலும் 'சார்ஜ் போட்டுக்கொண்டே மாட்டலாம்' என்று கடையில் தொங்கும் சாமானுக்குக் கை நீட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு நீட்டுங்கள்.

எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. பழைய கணினி உயிரை விட்ட பிறகு டேப்லெட்டுக்கு மாறினேன். தொடுதிரையில் தட்டித் தட்டி 200 பக்கம் திருத்துவது நடக்கிற காரியம் இல்லை. பரணில் கிடந்த யூஎஸ்பி கீபோர்டை இறக்கித் துடைத்து, 80 ரூபாய்க்கு ஒரு டைப்-சி ஓடிஜி அடாப்டர் (சார்ஜ் துளையில் கீபோர்டு, பென்டிரைவ் மாட்ட உதவும் இணைப்பு) வாங்கி மாட்டினேன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும் அது. ஒன்றரை வருடம் ஒரு குறை சொல்ல முடியாதபடி உழைத்தது. கீபோர்டில் பாதி விசைகளில் எழுத்தே அழிந்துவிட்டது. ஆனால் தமிழ்99 என்ற தட்டச்சு முறை விரலில் ஊறிப்போனவனுக்கு எழுத்து எதற்கு?

டேப்லெட்டுக்கு இருப்பது ஒரே துளை, அதுதான் தொல்லை. அதில் கீபோர்டு இருந்தால் பென்டிரைவுக்கு இடமில்லை. இரண்டில் எது இருந்தாலும் சார்ஜருக்கு இடமில்லை. மாட்டிய சாமானும் டேப்லெட்டின் பேட்டரியிலிருந்துதான் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பேட்டரி சிவப்பைக் காட்டும். மூன்றையும் ஒன்றாக மாட்ட வழி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை அங்கே ஆரம்பித்தது.

திருவல்லிக்கேணியிலிருந்து மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. பல வருடமாக அங்கேதான் வாங்குகிறேன், நாணயமான கடைகள் நிறைய உண்டு, தெருவைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு நான் நுழைந்தது உள்சந்தில் ஒரு சின்னக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி சாமான் ஆன்லைனிலும் விதவிதமான பெயர்களில் கிடைக்கிறது. கடையை விடச் சாமானைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

"இது த்ரீ இன் ஒன் சார். ரெண்டு யூஎஸ்பி, ஒரு சார்ஜிங். மூணும் ஒரே டைம்ல ஓடும்."

"டேப்லெட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நானே வீட்டுல இதான் சார் வச்சிருக்கேன்."

மிக்சி வாங்கப் போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள், மெத்தை வாங்கப் போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு தடவையும் நம்பிவிடுகிறோம். அட்டையில் 'பிடி' (பவர் டெலிவரி என்ற வேக சார்ஜ் முறை), 'ஃபாஸ்ட் சார்ஜ்', '5 ஜிபிபிஎஸ்' என்று எல்லாப் பட்டமும் அச்சடித்திருந்தது. யூஎஸ்பி வாய்க்குள் நீல நிற நாக்கு. நீலம் என்றால் யூஎஸ்பி 3 என்று பாதி தெரிந்து வைத்திருந்தது எனக்கு வினையாகப் போயிற்று. கடைக்காரர் தன் கீபோர்டை மாட்டி நாலு எழுத்து அடித்துக் காட்டினார். சார்ஜரை மாட்டிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் யூபிஐயில் போனது. கைக்கு வந்தது பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கடைப் பெயரும் இல்லை.

வீட்டுக்கு வந்து கீபோர்டையும் பென்டிரைவையும் மாட்டினேன். கீபோர்டு ஓடினால் பென்டிரைவைக் காணோம். பென்டிரைவ் தெரிந்தால் கீபோர்டு செத்துவிட்டது. லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்று ஆட்டிப் பார்த்தேன். அங்கேயே எழுந்து கடைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு சாமான் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் உள்ளே ஹப் சிப் என்று ஒன்று இருந்து இரண்டு பேரோடும் முறை வைத்துப் பேச வேண்டும். சிப் இல்லாமல் இரண்டு துளையின் ஒயர்களையும் சும்மா முடிச்சுப் போட்டிருந்தால் இப்படித்தான் ஒன்றை ஒன்று அமுக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, கீபோர்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கழற்றி வைத்தேன். அந்தக் கீபோர்டு இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான். பென்டிரைவை மட்டும் விட்டு, டேப்லெட்டோடு வந்த ஒரிஜினல் சார்ஜரைச் சொருகினேன். திரையில் மின்னல் குறி, பக்கத்தில் 'அதிவேக சார்ஜிங்'. கொடுத்த காசுக்கு வேலை செய்கிறதே என்று சந்தோஷம் வேறு. அடுத்த கணம் கோப்புப் பட்டியலிலிருந்து பென்டிரைவ் மறைந்தது. மறுபடி வரும் என்று காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது அறையில் பிளாஸ்டிக் கருகின வாடை. பென்டிரைவின் உலோக வாயைத் தொட்டவன் உதறிவிட்டேன். கட்டைவிரலில் சின்னதாகக் கொப்புளம். அதற்குப் பிறகு எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும் அது கண் திறக்கவில்லை.

டேப்லெட்டில் இடம் போதாதென்று பென்டிரைவிலிருந்தே கோப்பைத் திறந்து, திருத்தி, அதிலேயே சேமிப்பது என் வழக்கம். இன்னொரு பிரதி எங்கும் இல்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது, அதைக் கடைக்காரர் தலையில் கட்ட மாட்டேன்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் போன் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். தீக்குச்சிப் பெட்டி அளவில், துளையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று காட்டும் ஒரு யூஎஸ்பி மீட்டர் வைத்திருக்கிறார். பென்டிரைவ் இருந்த துளையில் அதைச் சொருகி, அடாப்டரை என் டேப்லெட்டில் மாட்டி, சார்ஜரைக் கொடுத்தார். மீட்டரில் முதலில் 5.08 என்று வந்தது. மூச்சு விடும் நேரத்துக்குள் எண் குதித்து 9.02 என்று நின்றது.

"அண்ணே, இதுலயா பென்டிரைவ் மாட்டுனீங்க? பாவம்ணே அது."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் எல்லாமே 5 வோல்ட்டுக்குப் பிறந்தவை. இந்தக் காலத்து வேக சார்ஜரும் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். அப்புறம் டேப்லெட்டும் சார்ஜரும் சிசி என்ற ஒயர் வழியாகப் பேசிக்கொண்டு, 'எனக்கு 9 தாங்கும், கொடு' என்று டேப்லெட் கேட்டதும் சார்ஜர் 9-க்கு ஏற்றிவிடும். லேப்டாப் என்றால் 20 வோல்ட் வரைகூடப் போகும். இதில் சார்ஜருக்கும் தப்பில்லை, டேப்லெட்டுக்கும் தப்பில்லை. நடுவில் இருக்கும் அடாப்டர்தான் அந்த 9 வோல்ட்டை டேப்லெட்டுக்கு மட்டும் விட்டு, பக்கத்துத் துளைகளுக்கு 5 வோல்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பி ஒரு பழைய கேபிளை வெட்டி, அதன் முனையைச் சார்ஜிங் துளையில் செருகி, சிவப்பு ஒயரில் மல்டிமீட்டரின் ஒரு முள்ளையும் யூஎஸ்பி துளையின் ஓரக் கம்பியில் இன்னொரு முள்ளையும் வைத்தார். பீப். அடுத்த துளை. பீப். மூன்றும் ஒரே கம்பி. டார்ச் அடித்து நீல நாக்கையும் காட்டினார். உண்மையான யூஎஸ்பி 3 வாயில் முன்னால் 5, உள்ளே தள்ளி 4, ஆக 9 தகடுகள் இருக்கும். இதில் உள்ளே 4 மட்டும், முன்னால் வழுவழுவென்று வெறும் நீல பிளாஸ்டிக்.

அப்படியானால் அந்த 80 ரூபாய் அடாப்டர் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடியது? அதற்கு உள்ளே எதுவுமே தேவையில்லை, அதனால்தான். மைக்ரோ யூஎஸ்பி காலத்தில் பிளக்கில் இருந்த 5 ஊசிகளில் அடையாள ஊசி ஒன்றைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் போதும், கணினிக்கு அடங்கிக் கிடக்கும் போன் தானே எஜமானாகிவிடும். டைப்-சியில் அந்த ஊசி கிடையாது. சிசி ஊசியில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் அதே வேலை நடக்கும். ஒரு ரெசிஸ்டர், நாலு ஒயர், அவ்வளவுதான் ஓடிஜி. அதே ஒரு ரெசிஸ்டரோடு இன்னும் இரண்டு துளையைச் சேர்த்து, சிப் எதுவும் வைக்காமல், '3 இன் 1' என்று அட்டை ஒட்டிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் சிப் உள்ளதும் இல்லாததும் ஒரே அச்சு.

இது படிக்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இல் ஆன்லைனில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கி வாங்கிச் சோதித்து எழுதிக்கொண்டிருந்தார். 2016 தொடக்கத்தில், ஒயரை மாற்றிச் சேர்த்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே காவு வாங்கிவிட்டது.

டேட்டா மீட்கும் இடத்தில் கேட்டேன். மெமரி சிப்பைக் கழற்றிப் படிக்க வேண்டும், 8,000 ரூபாய்க்கு மேல் ஆகும், வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். விட்டுவிட்டேன்.

தம்பியிடம் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண் முன்னால் 9.02 காட்டினேன். பென்டிரைவ் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார். பிறகு சார்ஜர் கோளாறு என்றார். பிறகு தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்குத்தான். குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லி, யூபிஐ ரசீதைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கப் போகிறேன் என்றதும் 350 ரூபாய் என் போனுக்குத் திரும்பி வந்தது. பென்டிரைவுக்குக் கையை விரித்துவிட்டார்.

நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் செய்ததைப் பார்த்துத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். அடாப்டரை அட்டைக்குள் திரும்ப வைத்து, நான் கிழித்த ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, எடுத்த கொக்கியிலேயே மாட்டினார். வீட்டுக்கு வந்ததும் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது.

நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடையிலேயே ஒரு கீபோர்டையும் ஒரு மவுஸையும் இரண்டு துளையிலும் மாட்டச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடாவிட்டால் உள்ளே ஹப் சிப் இல்லை, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஓடினாலும் அதோடு நம்பிவிடாமல், சார்ஜரை மாட்டிய பிறகும் யூஎஸ்பி துளையில் 5 வோல்ட்தான் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்தான், பென்டிரைவை விட மலிவு. பிடி சிப் வைத்த ஒழுங்கான ஹப் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் ஒற்றைத் துளை அடாப்டரே போதும். சார்ஜ் வேறு நேரம், வேலை வேறு நேரம்.

நல்ல அடாப்டரை ஓடவில்லை என்று தூக்கி எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒப்போ, விவோ மாதிரி சில போன்களில் செட்டிங்கில் போய் ஓடிஜியை ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே அணைந்துவிடும். கணினியில் என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மேட் செய்த பென்டிரைவைப் பல ஆண்ட்ராய்டு போன்கள் படிக்காது, எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் பெரும்பாலும் படித்துவிடும். முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்காரரைத் திட்டுங்கள்.

இந்த வேலையைக் கொடுத்த அச்சகத்து அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. திருத்தாத பழைய கோப்பை மறுபடி அனுப்பிவிட்டு, "பொங்கலுக்குள்ள குடுத்துருவீகளா?" என்று மட்டும் கேட்டார். 212 பக்கம். 80 ரூபாய் அடாப்டரில் கீபோர்டை மாட்டி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இன்றைக்கு 47.