ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டரைக் கழற்றும் முன் காற்று வழியைப் பாருங்கள்

கோவையில் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றைப் பத்து வருடத்துக்கும் மேலாக ஓட்டி வருகிறேன். 1985இல் அறிமுகமாகி 1996இல் நிறுத்தப்பட்ட வண்டி; 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். இதன் அருமை பெருமையெல்லாம் ஊரறிந்த கதை, விட்டுவிடுவோம். இவ்வளவு நாள் வைத்திருந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: "கார்புரேட்டர் கோளாறு" என்று பட்டறைக்குப் போன தடவைகளில் பெரும்பாலும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்புரேட்டர் நிரபராதி. கோளாறு அதற்கு முன்னாலோ பின்னாலோ, காற்று போகும் வழியில்தான் இருந்தது.

முதலில் ஏர் ஃபில்டர். இதில் இருப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டர். மண்ணெண்ணெயில் அலசுவதுதான் வழக்கம். இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது, டீசலில் அலசுகிறேன். துணி பிழிவது போல முறுக்கினால் ஸ்பாஞ்ச் கிழிந்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கி எடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவி, மிச்சத்தை மறுபடி அமுக்கி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். அந்த எண்ணெய்ப் பசையில்தான் தூசி ஒட்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று உலர்ந்த ஸ்பாஞ்சையே மாட்டினால் பொடித் தூசி நேராக உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்கிறதென்றால் கழுவவே வேண்டாம், புதுசு போட்டுவிடுங்கள்.

ஃபில்டர் பாக்ஸையே கழற்றிப் போட்டுவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டுவது நம்ம ஊரில் ஒரு மோகம். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெட்டி எவ்வளவு காற்றை விடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஜெட் அளவு, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையின் அளவு, முடிவாகிறது. பெட்டி போனால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவுதான் வரும், கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் சூடு. சூடு முற்றினால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் வேண்டும் என்பவர்கள் மெயின் ஜெட்டையும் மாற்றத் தயாராக இருக்கட்டும்.

அடுத்தது, என் வண்டியில் அதிகம் படுத்திய இடம்: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் ரப்பர். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வருடக்கணக்கில் காய்ந்து, மடிப்பில் மயிரிழை போல விரிசல் விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அது வழியே காற்று புகுவதால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) உடனே இறங்காமல் தொங்கும். காலையில் சோக் இல்லாமல் நிற்காது. ஸ்பார்க் பிளக் முனை தேநீர் நிறத்துக்குப் பதிலாக வெளிறிப்போயிருக்கும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, இணைப்பைச் சுற்றி டபிள்யூடி-40 லேசாக அடித்துப் பாருங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் அங்கேதான் லீக். சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த விளையாட்டு வேண்டாம். இணைப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஆர்பிஎம் தொங்குகிறது என்றால் மேக்னெட் பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ஆயில் சீலைச் சந்தேகப்படலாம். இப்படித் தொங்கியதைத்தான் ஒரு பட்டறையில் "கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். ரப்பரை மட்டும் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ரீட் வால்வையும் மறக்கக் கூடாது. காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் அடைக்கும் மெல்லிய தகடுகள் அவை. ஓரம் உடைந்தாலோ சரியாகப் படியாவிட்டாலோ கலவை பின்னுக்குத் துப்பும். ஃபில்டர் அடிக்கடி பெட்ரோல் வாசத்தோடு நனைந்திருந்தால், கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரி என்ற பிறகுதான் கார்புரேட்டர். மிகுனி விஎம் வகை, எளிமையான சாமான். அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டுகளை வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊதினால் போதும். கம்பியால் குத்தாதீர்கள், ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்க்கலாம். வெளியே திருப்பினால் லீன், உள்ளே திருப்பினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடிய கலவை. மாட்டிய பிறகு பலர் தவறவிடுவது எஞ்சினுக்கு எண்ணெய் தரும் ஆயில் பம்ப். ஆக்சிலேட்டர் கேபிள் பிரிந்து பம்புக்கும் போகிறது, பம்பில் இருக்கும் குறி சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பம்ப் குறைவாகத் திறந்தால் எண்ணெய் போதாது.

ஊட்டிக்குப் போகும்போது மேலே ஏற ஏற வண்டி குமுறும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் கலவை ரிச் ஆகும். அது கோளாறு அல்ல. அங்கே வைத்து ட்யூன் செய்துவிட்டு அப்படியே சமவெளிக்கு இறங்கினால் லீன் ஆகிவிடும், அதுதான் ஆபத்து.

சமீபத்துத் தொல்லை 20 சதவீத எத்தனால் பெட்ரோல். சுத்த பெட்ரோலில் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 அளவே போதும். புது வண்டிகளில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, அதே ஜெட்டில் லீன் ஆகத்தான் ஓடும். நான் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூட வரும்படி நீடிலை உயர்த்தி, பிளக் நிறம் பார்த்து ஓட்டுகிறேன், இதுவரை பரவாயில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்தையும் வடித்துவிடுகிறேன். டேப்பை மூடும் பழக்கம் எப்படியும் நல்லது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி கசிந்தால் பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும்.

இப்போது என் வண்டியில் கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு தேய்ந்து ஆட ஆரம்பித்திருக்கிறது. ஒரிஜினல் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிகுனி என்று எழுத்துப் பொறித்த போலிகள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் பார்த்ததில் ஐட்லிங் ஒரு நாள் நின்றது போல மறுநாள் நிற்கவில்லை. தேய்ந்த ஒரிஜினலே அதைவிட மேல் என்று மறுபடி அதையே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.