இதய அறுவைக்கு இரண்டு வழி: எம்.எஸ். முடித்துப் போவதா, நேரே போவதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் பழைய தெருப் பெண் ஒருத்தி போன ஞாயிறு வந்திருந்தாள். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதி, கையில் ரேங்க் இருக்கிறது. அவள் தாத்தா பெரம்பூர் லோகோ ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவருக்கு பைபாஸ் நடந்தது ரயில்வே ஆஸ்பத்திரியில். 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தாரே, அதே இடம். தாத்தாவின் நெஞ்சுத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவளுக்கு சி.டி.வி.எஸ். என்கிற இதய, நெஞ்சு அறுவைப் பிரிவு தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"எம்.எஸ்.ல மூணு வருஷம் ஹெர்னியா, அப்பென்டிக்ஸ்னு பார்த்துட்டுதான் வரணுமா அண்ணா? ஆறு வருஷ டி.ஆர்.என்.பி.ல நேரா போயிடட்டுமா?"

டி.ஆர்.என்.பி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரே இதய அறுவையில் சேருகிற படிப்பு. நான் இதய சர்ஜன், எம்.எஸ். வழியாக வந்தவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

வருஷக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை. பிறகு பொது அறுவையில் எம்.எஸ். 3, அதன்மேல் இதய அறுவையில் எம்.சி.ஹெச். 3. நேரடி டி.ஆர்.என்.பி.யும் 6. எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினொன்றரை. ஆனால் எம்.எஸ். வழியில் நடுவே, எம்.சி.ஹெச். சேர நீட் எஸ்.எஸ். என்று இன்னொரு தேர்வு உண்டு. அரசுக் கல்லூரியில் படித்தால் பாண்டும், அதாவது அரசுக்குச் சில காலம் வேலை செய்யும் ஒப்பந்தமும், உண்டு. எனக்கு அந்த இடைவெளியில் ஒன்றரை வருஷம் போனது. நேரடி வழியில் அந்த இழுபறி இல்லை.

தேர்வுக்குப் பயந்து யாரும் நேரடி வழியை எடுக்க வேண்டாம். நீட் எஸ்.எஸ்.ஸில் யூராலஜிக்கும் வயிறு, குடல் பார்க்கும் சர்ஜிகல் கேஸ்ட்ரோவுக்கும்தான் அடிதடி. சி.டி.வி.எஸ். இடங்கள் சுற்றுக்கு மேல் சுற்று கவுன்சலிங் நடந்தும் காலியாகக் கிடக்கின்றன. படிப்பு நீளம், சம்பாத்தியம் தாமதம், முன்பு நம்மிடம் வந்த அடைப்புகளில் பாதி இப்போது கார்டியாலஜிஸ்ட்டின் ஸ்டென்ட்டிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தயங்குவதில் தப்பில்லை.

நான் பெரிதாக நினைக்கும் விஷயம் வேறு. எம்.சி. ரோட்டில் அப்பாவின் துணிக்கடை பில்லில், 'வெட்டிய துணி திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று அடியில் அச்சடித்திருக்கும். நேரடி டி.ஆர்.என்.பி. அந்த மாதிரி. முழுசாகத் தைத்துப் போட்டுக்கொண்டால் சட்டை. பாதியில் விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

என்னோடு படித்தவன் ஒருவன் நேரே போனான். நல்ல கை. நாலாவது வருஷம் கழுத்தில் டிஸ்க் விலகியது. கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டி, தலையைக் குனிந்தபடி ஐந்து மணி நேரம் நிற்கிற வேலை இது. கழுத்து போனால் தொழில் போச்சு. அவன் விலகியபோது கையில் இருந்தது எம்.பி.பி.எஸ். மட்டும். முப்பதை நெருங்கும் வயதில், நம்மைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி நீட் பி.ஜி. எழுதினான். இப்போது ரேடியாலஜியில் இருக்கிறான், சந்தோஷமாகவே இருக்கிறான். ஆனால் அந்த நாலு வருஷத்துக்கு எங்கேயும் மதிப்பில்லை. எம்.எஸ். முடித்துவிட்டு எம்.சி.ஹெச்.சில் அதே கழுத்து வலி வந்திருந்தால், விட்டுவிட்டு வந்தாலும் அவன் சர்ஜன்.

கழுத்துதான் போக வேண்டும் என்றில்லை. இருபத்து மூன்று வயதில் இதயம் பிடிக்கும் என்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ.வில், நெஞ்சிலிருந்து வடிவது சேரும் டிரெயின் பாட்டிலில் ரத்தம் ஏறுவதைப் பார்த்து, மூடிய நெஞ்சை மறுபடி திறக்க ஓடும்போதும் பிடிக்குமா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எம்.எஸ்.ஸுக்கு இதய அறுவைக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. அந்த ஒன்றரை வருஷமும் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஹெர்னியாவும் பித்தப்பையும் செய்தேன். வீட்டுக்கடன் தவணை அதில்தான் போனது. ஒரு ராத்திரி எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி இடித்த பையன் வந்தான். இடப்பக்க விலா நாலு உடைந்து நெஞ்சில் ரத்தம். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. ஆனாலும் பிரஷர் ஏறவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. திறந்தால் மண்ணீரல் கிழிந்திருந்தது. நெஞ்சை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வயிறு படாமல் போயிருக்கலாம். நேரடி வழியிலும் பொது அறுவையில் சுழற்சிப் பணி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சில மாதம் விருந்தாளியாகப் போய் வருவதும் மூன்று வருஷம் அந்த யூனிட்டின் டியூட்டி பார்ப்பதும் ஒன்றாகாது.

நேரடி வழிக்காரர்களின் கை எப்படி? இரண்டு பேரோடுதான் சேர்ந்து நின்றிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதில் ஒரு பெண், ஏழு-பூஜ்ஜியம் புரோலீன் நூலில், தலைமுடியைவிட மெல்லிசு அது, அடைப்பைத் தாண்டிப் போகும் மாற்றுக் குழாயான கிராஃப்ட்டைத் தைக்கும் சுத்தம் எனக்கு இன்றுவரை வராது. கிராஃப்ட்டுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கும் வேலையை நான் எம்.சி.ஹெச்.சில் கற்றுக்கொண்டபோது, அவள் அதே வயதில் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முடிவில் துளி சந்தேகமும் இல்லாதவர்களுக்கு நேரடி வழி நல்ல வழிதான்.

எதில் போனாலும் ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சேரச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட வால்வு நிறைய வரும், தனியாரில் பைபாஸ். அங்கே கடைசி வருஷப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஞ்சைத் திறந்து மூடுவதோடு சரியா, நடுவில் தைக்கவும் விடுகிறார்களா?" என்று கேட்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்குக் கழுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்றாள். சிரித்துவிட்டேன். கவுன்சலிங்கில் சாய்ஸ் லிஸ்ட்டைப் பூட்டுவதற்குள் ஒரு நாள் எங்கள் தியேட்டருக்கு வந்து, முதல் கீறலிலிருந்து மார்பெலும்புக்குக் கம்பி முறுக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வருகிறாள்.